பிள்ளைக்கு எங்க தடக்குது எண்டு முதல்ல பாருங்கோ: வன்னிக்குப் புதுசா வாற ரீச்சர்மாருக்கும் சேர்மாருக்கும்

நியமனக் கடிதம் கையில கிடைச்சு, விடிய நாலரைக்கு எழும்பி யாழ்ப்பாணத்தில பஸ் ஏறி, ஏ9 றோட்டால வந்து பரந்தனிலயோ மாங்குளத்திலயோ இறங்கி, அங்கயிருந்து இன்னொரு பஸ்ஸோ ஆரும் ஒரு சேரின்ர மோட்டர்சைக்கிளோ பிடிச்சுப் பள்ளிக்கூடம் போய்ச் சேருற புது ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறன். வவுனியா கல்வியியற் கல்லூரியில படிச்சு வந்தவையா இருந்தாலும் சரி, டிகிரி முடிச்சு நேர வந்தவையா இருந்தாலும் சரி, தரம் 3 வகுப்புக்குள்ள முதல் நாள் போய் நிண்டா ஒண்டு விளங்கும். இருபத்திரண்டு பிள்ளையள் இருந்தா நாலஞ்சு பேர் நீங்கள் பக்கத்தைச் சொல்ல முன்னமே வாசிச்சு முடிச்சிருப்பினம், பத்துப் பன்ரண்டு பேர் உங்களோட சேந்து வருவினம், மிச்சத்தில ஒருத்தனுக்கு எழுத்தே தெரியாது, ஒருத்தி வாயே திறக்கமாட்டாள், ஒருத்தன் கதிரையில ரெண்டு நிமிசம் இருக்கமாட்டான். பாடப்புத்தகம் எல்லாருக்கும் ஒண்டுதான், படிப்பிக்கிறதுக்கும் நீங்கள் ஒராள்தான்.

நான் வன்னியில கனகாலமா ஆரம்பப் பிரிவில படிப்பிக்கிறன். நான் பிந்திப் படிச்ச விசயங்களை நீங்கள் முந்தியே தெரிஞ்சு வச்சிருந்தா கொஞ்சப் பிள்ளையளாவது தப்பும் எண்டுதான் இதை எழுத வெளிக்கிட்டனான். பிள்ளையால ஏலாது எண்டு முடிவெடுக்க முன்னம் அவனுக்கு எங்க தடக்குது எண்டு பாக்கோணும். சில பிள்ளைக்குக் கண்ணில தடக்கும், சிலருக்குக் காதில, சிலருக்கு எழுத்தில, சிலருக்கு வீட்டில, இன்னும் சிலருக்கு நாங்கள் படிப்பிக்கிற விதத்திலயே தடக்கும்.

முதல் ரெண்டு கிழமை: ஒரு கொப்பி, ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம்

எண்பது பக்கக் கொப்பி ஒண்டு வாங்குங்கோ. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம், பேருக்குக் கீழ கோடு போட்டு ரெண்டாப் பிரியுங்கோ. ஒரு பக்கம் பிள்ளை என்னென்ன செய்யும், மற்றப் பக்கம் எங்க நிண்டு போகுது. "வாசிக்கத் தெரியாது" எண்டு எழுதினா அது பிரயோசனமில்லாத குறிப்பு. "அ, ஆ, இ தெரியும், ஈ தடக்குது, தன்ர பேரைப் பாக்காம எழுதுறாள்" எண்டு எழுதினா நாளைக்கு எங்க துவங்கிறது எண்டு உங்களுக்குத் தெரியும். போன வருசத்து ரீச்சர் ஸ்ராவ் றூமில வச்சு "அவனை விடுங்கோ, அவன் ஒரு மொக்கு" எண்டு சொல்லுவா. மரியாதையாக் கேளுங்கோ, ஆனா கொப்பியில எழுதாதேங்கோ. அந்தச் சொல் ஒருக்கா மனசில ஏறிட்டா பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்தாலும் உங்களுக்கு மொக்காத்தான் தெரியும்.

எனக்கு நடந்ததைச் சொல்லுறன். குளத்துக்குப் பக்கத்தில ஒரு சின்னப் பள்ளிக்கூடம், தரம் 4. ஒரு பெடியன், நல்ல சுறுசுறுப்பு, கதைச்சா வாய் ஓயாது, ஆனா கரும்பலகையில எழுதிவிட்டா கொப்பியில அரைகுறையாத்தான் வரும். பாத்தா எப்பவும் பக்கத்துப் பெடியன்ர கொப்பியையே பாத்துக்கொண்டிருப்பான். பாத்து எழுதுறான் எண்டு எனக்குச் சரியான கோவம், தூக்கிக் கடைசி வாங்கில தனிய இருத்திவிட்டன். அடுத்த நாளில இருந்து அவன் ஒண்டுமே எழுதேல்ல. கொப்பியில திகதி மட்டும் இருக்கும். ரெண்டு மாசம் நான் அவனைப் பேசிக்கொண்டே இருந்தன். பிறகு ஒருநாள் கிளாஸை வேப்பமரத்துக்குக் கீழ வச்சு வாசிப்புப் புத்தகம் குடுத்தன், அவன் புத்தகத்தை மூக்கோட ஒட்டிப் பிடிச்சு, தலையை ஒரு பக்கம் சரிச்சு, ஒரு பிழையில்லாம ஒரு பக்கம் வாசிச்சான். எனக்குக் கை கால் ஓடேல்ல. அவனுக்குக் கரும்பலகை தெரியவே இல்லை, பக்கத்துக் கொப்பிதான் அவன்ர கரும்பலகை, அதையும் நான் பறிச்சுப்போட்டன். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த அண்டைக்கு வகுப்புச் சுவரைப் பாத்து "ரீச்சர், உந்த மணிக்கூட்டில மூண்டாவது கம்பியும் ஒண்டு ஓடுது என்ன" எண்டு கேட்டான். நாலு வருசமா அந்த மணிக்கூட்டுக்குக் கீழ இருந்த பிள்ளை அவன்.

அதால உங்கட முதல் வேலை கண்ணும் காதும்.

கண்ணைப் பாக்கிறது எப்பிடி

டொக்டர் செய்யிற வேலை இல்லை இது, ஆரை டொக்டரிட்ட அனுப்போணும் எண்டு பிடிக்கிறதுக்கு மட்டும்தான். வெள்ளை மட்டையில "ப" எழுத்தைக் கறுப்பா, தடிப்பா, உயரமும் அகலமும் 1.75 சென்ரிமீற்றர் வாற மாதிரிச் சதுரமாக் கீறுங்கோ, கோட்டின்ர தடிப்பு அதில அஞ்சில ஒரு பங்கு இருந்தாச் சரி. வெளிச்சமான இடத்தில பிள்ளையை 6 மீற்றர் தள்ளி நிப்பாட்டி, ஒரு கண்ணை உள்ளங்கையால அமத்தாமப் பொத்தச் சொல்லி, மட்டையை மேல கீழ இடம் வலம் எண்டு திருப்பித் திருப்பிக் காட்டுங்கோ. "ப"வின்ர வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கு எண்டு கையால காட்டினாப் போதும். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் இது செய்யலாம், அதுதான் இதில நல்ல விசயம். நாலஞ்சு தரம் காட்டி ரெண்டு மூண்டு பிழைச்சா பேரைக் குறியுங்கோ. கண்ணைச் சுருக்கிப் பாக்கிறவை, தலையிடி எண்டு அடிக்கடி சொல்லுறவை, பந்து வந்தாப் பிடிக்கத் தெரியாம முகத்தில வாங்கிறவை, இவையின்ர பேரும் அதோட.

காதுக்கு இன்னும் லேசு. பிள்ளைக்குப் பின்னால ஒரு கையெட்டுத் தூரத்தில நிண்டு, ஒரு காதை விரலால மூடச் சொல்லிப்போட்டு, மூச்சுச் சத்தத்தில "நாலு, மரம், ஏழு" மாதிரிச் சொல்லுங்கோ, திருப்பிச் சொல்லட்டும். முன்னுக்கு நிண்டு செய்யாதேங்கோ, வாயசைவைப் பாத்துச் சொல்லிப்போடும். காதால சீழ் வாற பிள்ளையள் இஞ்ச கொஞ்சம் கூட, வீட்டில எண்ணெய் காய்ச்சி ஊத்துவினம், அதைச் செய்ய வேண்டாம், கிளினிக்குக்குக் கொண்டு போங்கோ எண்டு தாய்க்கு அன்பாச் சொல்லுங்கோ. சீழ் வாற காது அரைவாசிதான் கேக்கும், "சொல்வழி கேக்கமாட்டான்" எண்டு நாங்கள் சொல்லுற பிள்ளைக்கு உண்மையிலேயே கேக்காம இருக்கலாம்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை எண்டு ஒண்டு இருக்கு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில இருந்து தரம் 1, 4, 7, 10 பிள்ளையளைப் பாக்க வருவினம், 200 பிள்ளைக்குக் குறைஞ்ச சின்னப் பள்ளிக்கூடம் எண்டா எல்லாரையும் பாப்பினம். அண்டைக்கு உங்கட கொப்பி கையில இருக்கோணும். வாறவை கொஞ்ச நேரத்தில கனபேரைப் பாக்க வேணும், "இந்த மூண்டு பேரையும் வடிவாப் பாருங்கோ ஐயா, இன்ன காரணம்" எண்டு நீங்கள் சொன்னாத்தான் கவனிச்சுப் பாப்பினம். அந்தத் திகதி வரும்வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கவும் வேண்டாம், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு ஒரு கோல் எடுத்தாலே வழி சொல்லுவார். கண்ணாடி வரும்வரைக்கும் முன் வாங்கில, கரும்பலகைக்கு நேர, யன்னல் வெளிச்சம் பலகையில பட்டு மினுங்காத இடமாப் பாத்து இருத்துங்கோ.

எழுத்தில தடக்கிற பிள்ளை

கண்ணும் காதும் சரி, ஆனா வாசிப்பு வரேல்ல எண்டா இனி எழுத்துக்குள்ள இறங்கோணும். இதில அவசரப்படாதேங்கோ, நான் எழுதிறதிலயே எனக்கு மனசுக்கு நெருக்கமான பகுதி இதுதான்.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, மொத்தம் 247 எண்டு எல்லாருக்கும் தெரியும், ஆனா பிள்ளை எந்த எழுத்தில நிக்குது எண்டு பாத்த ஆக்கள் குறைவு. "கொ" எண்ட எழுத்தைப் பாருங்கோ. கண்ணுக்கு முதல்ல வாறது கொம்பு (ெ), பிறகு க, பிறகு அரவு (ா). வாய்க்கு முதல்ல வாறது க் சத்தம். இடப்பக்கத்தில இருந்து ஒண்டொண்டா வாசிச்சு வாற பிள்ளை கொம்பைக் கண்ட உடன நிண்டுடும், இதை என்னெண்டு சொல்லுறது எண்டு தெரியாம. "கௌ" இன்னும் மோசம், அதின்ர பின்பாதி "ள" மாதிரியே இருக்கு, பிள்ளை "கெள" எண்டு வாசிச்சா அது பிள்ளையில பிழை இல்லை. இந்தப் பிள்ளைக்குக் கொம்பு வச்ச எழுத்துகளை முழுசா ஒரே படமாக் காட்டிப் பழக்குங்கோ, கொம்பு தனிய க தனிய எண்டு பிரிக்காதேங்கோ. பழைய கலண்டர் மட்டையில கெ, கே, கொ, கோ எண்டு ஒவ்வொண்டையும் ஒரே நிறத்தில எழுதி, கொடி, கோழி, கெண்டை எண்டு தெரிஞ்ச சாமானோட சேத்து ஒரு நாளைக்கு மூண்டுக்கு மேல வேண்டாம். மணலில விரலால எழுத விடுங்கோ, பென்சில் பிடிக்கக் கை நோகிற பிள்ளையும் மணலில எழுதும்.

பழத்தைப் பளம் எண்டு எழுதிற பிள்ளையை இதோட சேக்காதேங்கோ. நாங்கள் கதைக்கேக்க ழவும் ளவும் ஒரே மாதிரித்தான் வருது, காதில வித்தியாசம் கேக்காத பிள்ளை எப்பிடிச் சரியா எழுதும், அது பாத்துப் பாத்துத்தான் வரும், வாசிக்க வாசிக்க வரும். அதுக்குச் சிவப்புப் பேனையால கொப்பியை நிறைக்கத் தேவையில்லை. ஆனா ஒரே சொல்லை ஒரே பக்கத்தில மூண்டு விதமா எழுதிறது, எழுத்து இடம் மாறி விழுறது, நேற்று வடிவா வாசிச்ச சொல்லை இண்டைக்குப் புதுசாப் பாக்கிறது, கதை சொன்னா எல்லாம் விளங்கிப் பதில் சொல்லுற பிள்ளைக்கு வாசிப்பு மட்டும் வராம இருக்கிறது, இது மாதக்கணக்காத் தொடர்ந்தா அது வாசிப்புக் குறைபாடா இருக்கலாம். இருக்கலாம் எண்டுதான் சொல்லுறன். பேர் வைக்கிற வேலை உங்கடை இல்லை, கவனிச்சு எழுதி உரிய ஆக்களிட்டக் காட்டிறதுதான் உங்கட வேலை.

இன்னொரு தடக்கல், புத்தகத் தமிழ். பிள்ளை வீட்டில "வந்தவை, போச்சினம்" எண்டு கதைக்குது, புத்தகத்தில "வந்தனர், சென்றனர்" எண்டு இருக்கு. கெட்டிக்காரப் பிள்ளை தாண்டிப் போகும், பிந்தின பிள்ளைக்கு எழுத்தும் புதுசு சொல்லும் புதுசு. அதுக்கு நான் செய்யிறது, பிள்ளையையே கதைக்க விட்டு, அவன் சொல்லுறதை அப்பிடியே எழுதுறது. ஒருநாள் ஒரு பெடியன் "இரவு யானை வந்து எங்கட வாழையெல்லாம் முறிச்சுப்போட்டுது ரீச்சர்" எண்டான். எழுதிக் காட்டினன். ஒருநாளும் வாசிக்காத பிள்ளை விரலை வச்சு ஒவ்வொரு சொல்லா வாசிச்சான், ஏனெண்டா அடுத்த சொல் என்ன எண்டு அவனுக்குத் தெரியும், அவன்ர கதை அது. அந்தக் கிழமை முழுக்க யானைதான் எங்கட வாசிப்புப் பாடம். பேந்து மெல்ல மெல்லப் "முறித்துவிட்டது" எண்டு புத்தகத்துக்கு மாத்திக்கொண்டு போகலாம்.

கணக்கில விடையைப் பாக்காதேங்கோ, வழியைப் பாருங்கோ

42இல இருந்து 17ஐக் கழிக்கச் சொன்னா 35 எண்டு விடை வரும், அடிக்கடி வரும். பிழை எண்டு கீறிப்போட்டு அங்கால போகாம "இதை எனக்குச் செய்து காட்டு அப்பன்" எண்டு பக்கத்தில இருங்கோ. 7இல இருந்து 2 போனா 5, 4இல இருந்து 1 போனா 3 எண்டு சொல்லும். பெரிசில இருந்து சின்னனைக் கழிக்கிறது எண்டு அவனுக்கு ஒரு சட்டம், எல்லா இடத்திலயும் அதையே பாவிக்கிறான். இவனுக்குக் கழித்தல் தெரியும், பத்தைக் குலைக்கிறதுதான் தெரியாது. விளக்குமாத்து ஈர்க்கை ஒரே அளவா முறிச்சு, பத்துப் பத்தாச் சேத்து றப்பர் பான்ட் போட்டுக் கட்டுங்கோ. நாலு கட்டும் ரெண்டு தனியும் மேசையில. "ஏழு ஈர்க்கு எனக்குத் தா" எண்டு கேளுங்கோ. ரெண்டைத் தந்திட்டு முழிப்பான். நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ, பொறுங்கோ. கொஞ்ச நேரத்தில தானாவே ஒரு கட்டின்ர பான்டைக் கழட்டுவான். அவன் கழட்டும்வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறதுதான் அந்தப் பாடத்தில ரீச்சருக்குக் கஷ்டமான வேலை, ஆனா அதைச் செய்தே ஆகோணும்.

ஒரே பாடம், மூண்டு வேலை

தனித்தனியா மூண்டு பாடம் தயாரிக்க ஒருத்தராலயும் ஏலாது, அதுவும் ரெண்டு வகுப்பை ஒண்டாப் பாக்கிற பல்தரப் பள்ளிக்கூடத்தில நினைச்சும் பாக்கேலாது. பாடம் ஒண்டு, செய்யிற வேலை மட்டும் வேற. சுற்றாடல் பாடத்தில குளம் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. வன்னிப் பிள்ளைக்குக் குளத்தைப் பற்றிப் புதுசாச் சொல்லத் தேவையில்லை, இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு எண்டு ஒவ்வொருத்தருக்கும் ஒரு குளம் இருக்கு. வாசிக்கக்கூடிய பிள்ளையள் துருசு, அதான் குளத்துத் தண்ணியை வாய்க்காலுக்கு விடுற கதவு, ஏன் திறக்கிறது, எப்ப பூட்டுறது எண்டு அஞ்சாறு வசனம் எழுதட்டும். நடுவில இருக்கிறவை படத்தில குளக்கட்டு, துருசு, வான் (குளம் நிரம்பினா மிச்சத் தண்ணி வழிஞ்சு போற இடம்), வாய்க்கால் எண்டு பேர் எழுதட்டும். எழுத்து வராத பிள்ளையள் முத்தத்தில மண்ணால குளம் கட்டி, நீங்கள் எழுதித் தாற சொல் மட்டைகளை அந்தந்த இடத்தில குத்தட்டும்.

இதில ஒருக்கா நான் கண்டது. கொப்பியில ஒண்டும் எழுதாத ஒரு பெடியன் மண் குளத்துக்குக் கட்டுப் போட்டு, பப்பாக் குழலை வச்சுத் துருசு செய்து, வாய்க்காலைப் பள்ளம் பாத்து வெட்டித் தண்ணி ஊத்தினான், தண்ணி நேரா வயலுக்குப் போச்சு. ஆறு வசனம் எழுதின பிள்ளையள் எல்லாம் சுத்தி நிண்டு "வான் ஏன் துருசைவிட உயரத்தில இருக்கு" எண்டு அவனிட்டக் கேட்டினம், அவன் தகப்பனோட தண்ணி கட்டப் போற பிள்ளை, வடிவா விளங்கப்படுத்தினான். அண்டையில இருந்து "வாய்க்கால்" எண்ட சொல்லை அவன் எங்க கண்டாலும் வாசிப்பான். கெட்டிக்காரர் ஒரு குரூப், ஏலாதவை ஒரு குரூப் எண்டு நிரந்தரமாப் பிரிச்சு வைக்காதேங்கோ எண்டு நான் சொல்லுறது இதுக்குத்தான். வாசிப்புக்கு ஒரு குரூப், கணக்குக்கு வேற குரூப், மண் வேலைக்கு இன்னொண்டு எண்டு மாத்திக்கொண்டே இருங்கோ.

தரம் 1, 2 முடியேக்க, 3, 4 முடியேக்க, 5 முடியேக்க எண்டு அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள், அதாவது அந்தக் கட்டத்தில பிள்ளைக்குக் கட்டாயம் வந்திருக்க வேண்டிய விசயங்கள், இருக்குத்தானே, பிந்தின பிள்ளைக்கு அதுகளைத்தான் முதல்ல பிடியுங்கோ. பாடப்புத்தகத்தின்ர எல்லாப் பயிற்சியும் எல்லாப் பிள்ளையும் செய்யோணும் எண்டில்லை.

வீட்டைப் போகோணும்

தரம் 4 பிள்ளையின்ர தாய்க்கு இப்ப முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். கணக்குப் பாருங்கோ, 2008, 2009இல அவ பள்ளிக்கூடப் பிள்ளை. கிளிநொச்சியில இருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் எண்டு ஓடி, பிறகு செட்டிகுளம் முகாமில தறப்பாளுக்குக் கீழ இருந்தவ. படிப்பு அங்கயே நிண்டிருக்கும். நீங்கள் கொப்பியில "பிள்ளையின் கற்றலில் கூடிய கவனம் செலுத்தவும்" எண்டு எழுதி அனுப்பினா அவவுக்கு அதில ஒண்டும் செய்யேலாது, வாசிக்க வெக்கப்பட்டுக் கையெழுத்தை மட்டும் வச்சு அனுப்புவா. வாட்ஸ்அப்பில வொய்ஸ் போடுங்கோ, இல்லாட்டி பின்னேரம் ஒருக்கா நேர போங்கோ. கனவீட்டில தாய் வேலைக்குப் போயிருப்பா, தகப்பன் வெளிநாட்டிலயோ இல்லாமலோ இருப்பார், அம்மம்மாதான் பிள்ளையைப் பாப்பா.

போனா முறைப்பாட்டோட துவங்காதேங்கோ. நான் இப்பிடித்தான் கேப்பன்:

"அம்மம்மா, பேரன் கணக்கில நல்ல கெட்டிக்காரன். வாசிப்புத்தான் கொஞ்சம் பிந்துது. வீட்டில என்ன விருப்பமாச் செய்வான்?"

"அவன் சைக்கிளைக் கழட்டிப் பூட்டிக்கொண்டு திரிவான் பிள்ளை. சொன்னது மட்டும் ஞாபகத்தில நிக்காது. கடைக்கு மூண்டு சாமான் சொல்லிவிட்டா ஒண்டோட வருவான்."

அந்த மூண்டு சாமான் கதையில எனக்கு ஒரு மாசத்துக்கான விசயம் இருந்தது. அடுத்த நாளில இருந்து அவனுக்கு "கொப்பியை எடு, திகதி போடு, கோடு கீறு, முதலாவது கணக்கைச் செய்" எண்டு ஒரே மூச்சில சொல்லுறதை விட்டிட்டு ஒண்டு ஒண்டாச் சொன்னன், அவன் வேலை செய்யத் துவங்கினான்.

காலபோக நெல்லு வெட்டு நேரம், விதைப்பு நேரம் எண்டு பிள்ளையள் வராம நிப்பினம். வந்த உடன பேசாதேங்கோ. விட்ட பாடத்தில எது இல்லாட்டி அடுத்தது விளங்காதோ அதை மட்டும் பத்து நிமிசம் கூட்டாளி ஒருத்தரோட இருத்திச் செய்விச்சாப் போதும். விடிய வெறும் தேத்தண்ணியோட வாற பிள்ளைக்குப் பத்து மணிக்குப் பிறகுதான் மூளை வேலை செய்யும், வாசிப்பைச் சாப்பாட்டுக்குப் பிறகு வையுங்கோ.

வலிப்பு வந்தா

இது புது ஆக்கள் கட்டாயம் தெரிஞ்சிருக்க வேணும். பிள்ளை விழுந்து கை கால் இழுத்தா முதல்ல நேரத்தைப் பாருங்கோ. பக்கத்தில இருக்கிற மேசை கதிரையைத் தள்ளுங்கோ, தலைக்குக் கீழ ஏதும் மெத்தெண்டு வையுங்கோ, இழுப்பு நிண்ட உடன ஒரு பக்கமாச் சரிச்சுப் படுக்க விடுங்கோ. வாய்க்குள்ள கரண்டி, துணி, விரல் ஒண்டும் வைக்கக்கூடாது, கையில இரும்பு குடுக்கிறதால ஒண்டும் ஆகாது, இறுக்கிப் பிடிக்கவும் கூடாது, முழுசாத் தெளியும்வரைக்கும் தண்ணி குடுக்கக்கூடாது. 5 நிமிசம் தாண்டினாலோ, ஒண்டு முடிஞ்சு தெளியாம அடுத்தது வந்தாலோ, முதல் தரம் வந்ததா இருந்தாலோ உடன 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் காசில்லாம வரும். மற்றப் பிள்ளையளை வெளியில கொண்டுபோக இன்னொராளை விடுங்கோ, எழும்பேக்க பிள்ளையின்ர உடுப்பு நனைஞ்சிருக்கலாம், அதை ஒருத்தரும் பாக்கக்கூடாது. பேந்து வகுப்பில எல்லாருக்கும் இது ஒரு வருத்தம், தொத்தாது எண்டு சொல்லுங்கோ. வீட்டில பேய் பிசாசு எண்டு சொல்லிக் கோயிலுக்குக் கொண்டு போனா நான் மறிக்கிறேல்ல, வற்றாப்பளை அம்மனுக்கு நேத்தியும் வையுங்கோ, கிளினிக் மருந்தையும் ஒருநாளும் நிப்பாட்டாதேங்கோ எண்டு சொல்லுவன், அதைக் கேப்பினம்.

விழாத வலிப்பும் இருக்கு. சில செக்கன் கண் ஒரே இடத்தில நிண்டு, இமை துடிச்சு, திரும்பி வரேக்க நீங்கள் என்ன சொன்னதெண்டு தெரியாம முழிக்கும். ஒரு நாளைக்குப் பலதரம் இப்பிடி நடந்தாக் கொப்பியில எத்தினை தரம் எண்டு குறிச்சுத் தாயிட்டக் குடுத்து டொக்டரிட்ட அனுப்புங்கோ. இதைத்தான் கனபேர் "பராக்குப் பாக்கிறான்" எண்டு அடிக்கிறவை.

மற்றதுகளைச் சுருக்கமாச் சொல்லுறன். கொன்னிக் கதைக்கிற பிள்ளையை முடிக்க விடுங்கோ, சொல்லை நீங்கள் எடுத்துக் குடுக்காதேங்கோ, வாசிக்கச் சொல்லுறதா இருந்தா இன்னொராளோட சேத்து வாசிக்க விடுங்கோ, சேந்து வாசிக்கேக்கக் கொன்னல் குறையும். இருக்க ஏலாத பிள்ளைக்கு எழும்பிற மாதிரி வேலை குடுங்கோ, வெண்கட்டி எடுத்து வாறது, கொப்பி குடுக்கிறது. சத்தத்துக்குக் காதைப் பொத்துற, ஒரே ஒழுங்கில எல்லாம் நடக்கோணும் எண்டு நிக்கிற பிள்ளைக்கு அண்டைய நாளின்ர ஒழுங்கைப் படமாக் கீறி மேசையில ஒட்டுங்கோ, மணி அடிக்க முன்னம் போய்த் தோளைத் தொடாமச் சொல்லுங்கோ. இடக்கைப் பிள்ளையின்ர கையை மாத்தாதேங்கோ.

சக்கர நாற்காலியில வாற பிள்ளை இருந்தா அதிபரோடயும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தோடயும் கதைச்சுச் சரிவுப்பாதை போடுவியுங்கோ, ஆனா அளவைப் பாருங்கோ. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேணும். ஒரு அடி படிக்கு நாலடியில சரிவு போட்டு வச்சிருக்கிற இடங்கள் இருக்கு, அதில பிள்ளை ஏறவே ஏலாது, பின்னுக்குப் புரளும். மலசலகூடத்துக் கதவு அகலத்தையும், கேற்றில இருந்து வகுப்பு வரைக்கும் மணலில சில்லு புதையாத பாதையையும் பாக்காமச் சரிவு மட்டும் போட்டுப் பிரயோசனமில்லை. ஒண்டும் ஏலாட்டி அந்த வகுப்பையே கீழ்த்தட்டுக்கு, கேற்றுக்குக் கிட்ட மாத்தச் சொல்லுங்கோ, அதுக்குச் சீமெந்தும் தேவையில்லை காசும் தேவையில்லை.

ஆரிட்டப் போறது

உங்களால ஏலாத இடம் வரும், வந்தா தனியச் சுமக்காதேங்கோ. முதல் அதிபர், பிறகு கோட்டத்தில இருக்கிற ஆசிரிய ஆலோசகர், வலயக் கல்விப் பணிமனையில விசேட கல்விக்குப் பொறுப்பான ஆள். சில பள்ளிக்கூடங்களில விசேட கல்வி அலகு (குறைபாடுள்ள பிள்ளையளுக்கான தனி வகுப்பு) இருக்கு, ஆனா அலகில விட்டாச்சு எண்டு அந்தப் பிள்ளையை மறந்துடாதேங்கோ, சங்கீதத்துக்கும் விளையாட்டுக்கும் உங்கட வகுப்போட வரட்டும். பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தரிட்டச் சக்கர நாற்காலி, காது மெசின், உதவிப்பணம் பற்றிக் கேக்கலாம். பார்வையோ கேட்டலோ அறவே இல்லாத பிள்ளைக்குக் கைதடியில நவீல்ட் பாடசாலை இருக்கு, பார்வையில்லாதவைக்குச் சுன்னாகத்தில வாழ்வகம் இருக்கு. விடுதியில விடுறதோ இல்லையோ எண்டதைத் தாய் தகப்பன் முடிவெடுக்கட்டும், நீங்கள் விவரத்தை மட்டும் சொல்லுங்கோ, ஏலுமெண்டா ஒருக்காக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ.

"இந்தப் பிள்ளையை எங்களால பாக்கேலாது, வேற இடம் பாருங்கோ" எண்டு ஆரும் தாயைத் திருப்பி அனுப்பினா நீங்கள் இடையில நிண்டு கதைக்கோணும். மாற்றுத்திறனாளிகளின்ர உரிமைகளைப் பாதுகாக்கிற 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில சேக்க மாட்டம் எண்டு சொல்லக்கூடாது எண்டு சொல்லுது. 5 வயசில இருந்து 16 வரைக்கும் கல்வி கட்டாயம். சண்டை பிடிக்கத் தேவையில்லை, இதைத் தெரிஞ்ச ஒராள் பக்கத்தில நிண்டாலே கதை மாறும்.

பரீட்சைக்குக் கூடுதல் நேரம், எழுதித்தர ஆள், பெரிய எழுத்து வினாத்தாள், பிரெய்ல் எண்டு பரீட்சைத் திணைக்களத்திட்டக் கேக்கலாம். ஆனா விண்ணப்பம் போடுற நேரத்தில அதிபர் மூலமா வைத்திய றிப்போட்டோட கேக்கோணும். ஓ எல் பரீட்சைக்கு ரெண்டு மாசம் இருக்கேக்க ஓடித் திரிஞ்சு பிரயோசனமில்லை. ஆரம்பப் பிரிவு ரீச்சர் எழுதி வச்ச குறிப்பு அப்ப பெரிய உதவி, இந்தப் பிள்ளைக்கு இது சின்னனில இருந்தே இருக்கு எண்டு காட்டும்.

வகுப்பில பகிடி பண்ணுறது வரும். நொண்டி, செவிடு, கொன்னை எண்டு பட்டப்பேர் வைப்பினம். ஒருத்தனைப் பிடிச்சுப் பேசி அது நிக்காது, நீங்கள் அந்தப் பிள்ளையை எந்தப் பேரால கூப்பிடுறியள், அவனிட்ட என்ன வேலையை நம்பிக் குடுக்கிறியள் எண்டதைத்தான் மற்றவை பாத்துக்கொண்டு இருக்கினம். துருசு செய்த பெடியனை அதுக்குப் பிறகு ஒருத்தரும் மொக்கு எண்டு கூப்பிடேல்ல.

கடைசியா அந்தக் கொப்பி. வன்னியில ரீச்சர்மார் கனகாலம் நிக்கிறது குறைவு, அஞ்சாறு வருசத்தில இடமாற்றம் எடுத்துக்கொண்டு போயிடுவியள், அதில பிழை ஒண்டும் இல்லை, உங்களுக்கும் வீடு வாசல் இருக்கு. ஆனா போகேக்க கொப்பியை வீட்டை கொண்டு போகாதேங்கோ. வைத்திய விசயம், வீட்டு விசயம் உள்ள பக்கங்களை அதிபரிட்டக் கவரில போட்டுக் குடுங்கோ, மிச்சத்தை உங்களுக்குப் பிறகு வாறவவின்ர கையில குடுங்கோ, பக்கத்தில இருந்து அரை மணித்தியாலம் ஒவ்வொரு பேராச் சொல்லுங்கோ. இவனுக்கு ஒவ்வொண்டாச் சொல்லோணும், இவள் முன் வாங்கில இடப்பக்கம், வலக்காது கேக்காது, இவனுக்குக் "கொ" வந்திட்டுது "கௌ" இன்னும் இல்லை, யானைக் கதையில இருந்து துவங்குங்கோ.